மெல்பர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு: ஒரே நாளில் டூர் பஸ்ஸில் போய்வருவது எப்படி

ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டி ஓடும் கிரேட் ஓஷன் ரோடு சாலைக்கு ஒரு நாள் டூர் கிளம்பும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மெல்பர்ன் நகரத்திலிருந்து டார்க்கி வரை ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து லார்ன் ஒரு மணி, லார்னிலிருந்து அப்பல்லோ பே ஒரு மணி, அப்பல்லோ பேயிலிருந்து பன்னிரு அப்போஸ்தலர் பாறைகள் (கடலுக்குள் தூண் தூணாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள்) ஒன்றரை மணி. திரும்பி வர உள்நாட்டுச் சாலையில் மூன்று மணி. மொத்தம் எட்டு மணி நேரம் சீட்டிலேயே போய்விடுகிறது. டூரின் மொத்த நேரம் 12, 13 மணி. காலை 7, 8 மணிக்குக் கிளம்பினால் இரவு 8, 9 ஆகிவிடும். மிச்சமிருக்கும் நான்கைந்து மணி நேரத்தைத்தான் எல்லா நிறுத்தங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அதனால் விளம்பரத்தில் "12 இடங்கள், 15 இடங்கள்" என்று போட்டிருப்பதைப் பார்த்து டூரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிறுத்தங்கள் கூடக்கூட ஒவ்வொன்றிலும் நிற்கும் நேரம் குறையும். முன்பதிவு செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அப்போஸ்தலர் பாறைகளில் எத்தனை நிமிடம், பக்கத்தில் லாக் ஆர்ட் பள்ளத்தாக்கு என்ற குறுகிய கடல்வாயில் எத்தனை நிமிடம்? முதலாவதில் 50 நிமிடமும் இரண்டாவதில் 40 நிமிடமும் கொடுப்பவர்கள் நல்ல டூர்க்காரர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்தான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இத்தனை தூரம் போவதே அந்தச் சுண்ணாம்புப் பாறைக் கரைக்காகத்தான்.

நேர்வழியா, தலைகீழ் வழியா

டூர்களில் இரண்டு வகை உண்டு. வழக்கமான டூர் காலையில் டார்க்கி வழியாகக் கடலோரமாகவே போய், பிற்பகலில் பாறைகளை அடைந்து, இருட்டும்போது கோலாக் என்ற ஊர் வழியாக உள்நாட்டில் திரும்பும். 'ரிவர்ஸ்' என்று விற்கப்படுவது இதற்கு நேர் எதிர். முதலில் கோலாக் வழியாக ஓடி முற்பகலிலேயே பாறைகளுக்குப் போய்விடும், கடலோரத்தைத் திரும்பும் வழியில் காட்டும்.

ரிவர்ஸ் எப்போதுமே சிறந்தது என்று பலர் சொல்வார்கள். அது கோடைக்குத்தான் பொருந்தும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் மறைய இரவு எட்டரை மணிக்கு மேல் ஆகிறது. பெரும்பாலான பஸ்கள் பிற்பகலில்தான் பாறைகளுக்கு வந்து சேரும் என்பதால், முற்பகலில் போனவர்களுக்கு நெரிசல் குறைவு. திரும்பும் வழியில் கடலும் மாலை வெயிலில் கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. பார்வை மேடையிலிருந்து முக்கியமான பாறைக் கூட்டம் மேற்குப் பக்கம் தெரியும். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அதன் மேல் விழுவதால் பாறையின் மஞ்சளும் காவியும் அப்படியே படத்தில் வரும். பிற்பகலில் அதே பக்கம் பார்த்தால் வெயில் கண்ணுக்கு நேராக அடிக்கும். பாறைகள் கறுப்பு நிழலாகத்தான் விழும். பிற்பகலில் போய்ச் சேர்ந்தவர்கள் கிழக்குப் பக்கம் நிற்கும் இரட்டைப் பாறைகளைப் படமெடுங்கள். அந்த நேரத்து ஒளி அவற்றின் மேல்தான் நன்றாக விழும். (தென்கோளத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். நம்மூர்ப் பழக்கத்தில் திசையைக் கணித்தால் குழம்பிப்போகும்.)

ஜூன், ஜூலையில் கதையே வேறு. ஐந்தரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ரிவர்ஸ் டூரில் போனால் லார்ன் வந்து சேரும்போது இருட்டு. கடலோரச் சாலையின் ஒரு பாதியைக் கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடக்க வேண்டும். குளிர்காலத்தில் வழக்கமான டூரையே எடுங்கள், மூன்றரை மணிக்குள் பாறைகளை அடையுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உள்நாட்டுச் சாலை இருட்டில் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் மார்ச், ஏப்ரல் தொடக்கம் நல்லது. காற்று குறைவு, பகலும் போதுமான நீளம். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பிருந்து ஜனவரி கடைசி வரை பள்ளி விடுமுறை. சாலையும் கழிப்பறை வரிசையும் ஒருசேர நிரம்பும்.

முன்பதிவில் கேட்க வேண்டியவை

24 பேர் போகும் சிறிய பஸ்ஸா, 50 பேர் போகும் பெரிய பஸ்ஸா என்று பாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐம்பது பேர் இறங்கி ஏறுவதற்கே ஐந்தைந்து நிமிடம் போய்விடும். சிறிய பஸ்ஸில் உள்ளே கழிப்பறை இருக்காது. பெரிய பஸ்ஸிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம், கேட்டுவிடுங்கள். அப்பல்லோ பேயிலிருந்து பாறைகள் வரை ஒன்றரை மணி நேரம் வழியில் இறங்க வாய்ப்பு குறைவு. அடிக்கடி சிறுநீர் போகிறவர்கள், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதிய உணவு கட்டணத்தில் சேர்த்தியா, சைவம் உண்டா என்பதையும் முன்பே எழுதிக் கேளுங்கள். அப்பல்லோ பே கடலோர ஊர். மீன் வறுவல், சிப்ஸ், ஸ்காலப் என்ற சிப்பியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட 'பை' (pie) ஆகியவைதான் அங்கே பிரபலம். சிப்ஸை மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுவதுண்டு. சுத்த சைவம் பார்ப்பவர்கள் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கையில் புளிசாதமோ சப்பாத்தியோ கொண்டுபோவதில் தவறே இல்லை. ஆனால் ஓடும் பஸ்ஸில் வாசனை வரும் சாப்பாட்டைத் திறக்க டிரைவர்கள் விடுவதில்லை. கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். கடல்காகங்கள் தட்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும், டப்பா மூடியைக் கையிலேயே வைத்திருங்கள்.

கைக்குழந்தையோடு போனால் குழந்தை இருக்கை தருவார்களா என்பதை முன்பதிவுக்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் சின்னக் குழந்தைகளை ஏற்றுவதே இல்லை, அது பஸ் வாசலில் தெரியவந்தால் பணமும் நாளும் போச்சு. ரத்து செய்தால் பணம் திரும்புமா, ஆள் சேராவிட்டால் எப்போது சொல்வார்கள் என்பதும் அப்படியே.

எந்த சீட்

ஆஸ்திரேலியாவில் நம்மூர் போலவே இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள். டார்க்கியிலிருந்து மேற்கே போகும்போது கடல் இடப்பக்கம். பஸ் ஓடுவதும் கடலை ஒட்டிய தடத்தில்தான். ஆகவே வழக்கமான டூரில் இடப்பக்க ஜன்னல். ரிவர்ஸ் டூரில் கடல் வலப்பக்கம், நடுவில் எதிர்த் தடம் வேறு. பெரும்பாலான டூர்களில் சீட் எண் கிடையாது. முதலில் ஏறுபவர் எடுத்துக்கொள்வதுதான். பஸ் இரண்டு மூன்று இடங்களில் ஆள் ஏற்றும் என்றால், அதில் முதல் இடம் எது என்று கேட்டு அங்கே போய் ஏறுங்கள். தங்கியிருக்கும் ஹோட்டல் வாசலில் ஏறுவதைவிட பத்து நிமிடம் நடப்பது லாபம்.

ஃபெடரேஷன் சதுக்கத்தின் பக்கமும் ஆர்ட்ஸ் சென்டர் பக்கமும் நிறைய டூர் பஸ்கள் ஆள் ஏற்றும். நகர மையத்தின் இலவச டிராம் எல்லை ஃபிளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷன் பக்கத்தோடு முடிந்துவிடும். ஆர்ட்ஸ் சென்டருக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி யாரா ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்துவிடலாம், சில நிமிடம்தான். புறநகரிலிருந்து வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ரயில் நேரத்தை முந்தின நாளே பார்த்துவிட வேண்டும், வார நாள் போல வண்டி இருக்காது. குறித்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே நில்லுங்கள். பஸ் காத்திருக்காது.

வயிற்றைப் புரட்டும் வளைவுகள்

வாந்தி பயம் உள்ளவர்கள் முன் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டுகள் ஒவ்வொரு வளைவிலும் வீசி ஆடும். புரட்டல் இரண்டு இடத்தில் கடுமை: லார்னுக்கும் அப்பல்லோ பேக்கும் நடுவே மலைச் சரிவை வெட்டிப் போட்ட பாதை, அப்பல்லோ பே தாண்டி ஆட்வே காட்டுக்குள் லேவர்ஸ் ஹில் வரை ஏறி இறங்கும் பாதை. இரண்டாவதுதான் மோசம். முதலாவதில் கண்ணுக்குக் கடல் அடிவானம் இருக்கும், அது உடம்பைச் சமன் செய்யும். காட்டுக்குள் மரங்கள் வேகமாகப் பின்னால் ஓடுவது மட்டுமே தெரியும். பலர் மதியச் சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நேராக இந்தப் பாதையில் ஏறுவதுதான் தவறாகிப்போகிறது. பாதி வயிறு சாப்பிடுங்கள், ஃபோனைப் பையில் போடுங்கள், சாலையைப் பாருங்கள்.

பயண மாத்திரையைப் புரட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. அரை மணி, ஒரு மணி முன்பே போட வேண்டும். மெல்பர்ன் மருந்துக்கடைகளில் கிடைக்கும். இரத்த அழுத்தம், கண் அழுத்தம், புராஸ்டேட் பிரச்சினை உள்ள பெரியவர்கள் மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். இந்த மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவைக்கும். அதனால் காலையிலேயே போட்டுவிட்டு லார்ன் கடற்கரையில் தூங்கிப்போகாமல், லேசான புரட்டல் உள்ளவர்கள் மதியப் பகுதிக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் காட்டுப் பகுதியைப் பற்றி டூர் விளம்பரங்கள் சொல்லாத ஒன்று: அப்பல்லோ பே தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் மரங்கள்தான். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மேய்ட்ஸ் ரெஸ்ட்டில் நிறுத்தினால் 800 மீட்டர் நடைபாதை இருக்கிறது. பெரணி மரங்களும் வானளாவிய யூகலிப்டஸும் சேர்ந்த ஈரக் காடு அது. வெளியே 35 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே குளிரும்.

வழியில்

டார்க்கியிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் இந்தச் சாலை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், இறந்துபோன தோழர்களின் நினைவாகக் கட்டியது. 1919இல் தொடங்கி 1932இல் முடிந்தது. மண்வெட்டி, கடப்பாரை, வெடிமருந்துதான் கருவிகள். ஜீலாங் மேயராக இருந்த ஹோவர்ட் ஹிட்ச்காக் இந்தத் திட்டத்தைத் தோளில் சுமந்தவர். சாலை முழுதாகத் திறப்பதற்குச் சில மாதம் முன்பு 1932இலேயே அவர் இறந்துவிட்டார். ஈஸ்டர்ன் வியூவில் சாலையின் குறுக்கே மரத்தால் ஆன நினைவு வளைவு நிற்கிறது. பக்கத்திலேயே வேலை செய்யும் சிப்பாய்களின் சிலை. எல்லாரும் வளைவின் நடுவில் நின்று படமெடுக்கச் சாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். அது வண்டிகள் ஓடும் சாலை. ஓரத்தில் நின்றே வளைவு முழுவதும் படத்தில் விழும்.

கென்னட் ரிவர் என்ற சிற்றூரில் கோலா பார்க்க நிறுத்துவார்கள். கோலா ஒரு நாளில் 20 மணி நேரம்வரை தூங்கும் விலங்கு. அசையும் உருவத்தைத் தேடினால் கிடைக்காது. யூகலிப்டஸ் கிளை பிரியும் கவட்டையில் சாம்பல் நிறப் பந்து போல ஏதாவது அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் போடாதீர்கள், மரத்தை ஆட்டாதீர்கள். அங்கே கிளிகள் தோளில் வந்து உட்காரும். ரொட்டியோ விதையோ கொடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் கூட்டமாகத் தின்னும் கிளிகளிடம் அலகையும் இறகையும் அரிக்கும் நோய் பரவுகிறது.

கடலில் இறங்கும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். இழுப்பு நீரோட்டம் பலமான கடல் இது. உயிர்காப்பாளர்கள் சிவப்பு மஞ்சள் கொடி நட்டிருக்கும் இடத்தில், அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும்தான் குளிக்கலாம். டூர் நிறுத்தங்களில் அதற்கு நேரமும் இருக்காது. கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். அலைக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

பாறைகளில் 50 நிமிடம்

பெயரில் பன்னிரண்டு இருந்தாலும் அங்கே ஒருபோதும் பன்னிரண்டு பாறைகள் நின்றதில்லை. ஒன்பது இருந்தன. 2005 ஜூலை 3 அன்று ஒன்று சரிந்தது, இப்போது எட்டு. கடல் சுண்ணாம்புக் கரையை அரித்துக் குகையாக்கும், குகை இருபுறமும் திறந்து வளைவாகும், வளைவின் கூரை விழுந்தால் தூண் நிற்கும், பிறகு தூணும் விழும். இதே வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. வேலியைத் தாண்டாதே என்று பலகை வைத்திருப்பதன் காரணமும் இதுதான். நீங்கள் நிற்கும் கரையின் அடியிலும் அதே குகை இருக்கலாம்.

பஸ் நிற்குமிடத்திலிருந்து சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாகப் பார்வை மேடைக்குப் போக வேண்டும். மெதுவாக நடப்பவர்களுக்குப் போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம் என்று வைத்தால் கையில் 30 நிமிடம். இறங்கியதும் எல்லாரும் கழிப்பறைக்கு ஓடுவார்கள். நெருக்கடி இல்லையென்றால் நேராக மேடைக்குப் போய்விடுங்கள், திரும்பும்போது வரிசை குறைந்திருக்கும். முதலில் மேற்குப் பக்கம், பிறகு கிழக்குப் பக்கம். உப்புச் சாரல் கேமராக் கண்ணாடியில் படியும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். ஹெலிகாப்டரில் சுற்ற நினைப்பவர்கள் பஸ்ஸிலேயே டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும். பறப்பது கால் மணி நேரம்தான் என்றாலும், எடை பார்ப்பதும் காத்திருப்பதும் சேர்ந்தால் மேடையில் நிற்கும் நேரம் போய்விடும். இரண்டில் ஒன்றுதான் நிம்மதியாக முடியும்.

கரையிலிருந்து கீழே கடற்கரைக்குப் போகும் கிப்சன் படிக்கட்டில் 86 படிகள். இறங்கினால் பாறைகளின் அடிமட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கலாம். அந்த உயரம் மேடையிலிருந்து தெரியவே தெரியாது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இறங்குவதும் ஏறுவதும் சிரமம், கைப்பிடியும் ஈரமாக இருக்கும். கடல் பொங்கினாலும் கல் சரிந்தாலும் படியை அடைத்துவிடுவார்கள், டிரைவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

எனக்கு ஒரே ஓர் இடம்தான் என்றால் லாக் ஆர்ட் பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். 1878 ஜூன் 1 அன்று லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல் இங்கே தீவுப் பாறையில் மோதி உடைந்தது. 54 பேரில் 52 பேர் இறந்தார்கள். டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி இந்தக் குறுகிய கடல்வாய்க்குள் ஒதுங்கி, ஈவா கார்மைக்கேல் என்ற இளம்பெண்ணையும் நீந்திப்போய் இழுத்துவந்து காப்பாற்றினார். பக்கத்தில் இருந்த வளைவுப் பாறை 2009இல் சரிந்து இரண்டு தூண்களானது. அவற்றுக்கு டாம், ஈவா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நேரம் 40 நிமிடம் என்றால் முதலில் படியிறங்கி மணலில் நின்று அந்தச் சுவர்களைப் பாருங்கள், பிறகு மேலே ஏறி தூண்களைப் பார்க்கும் பாதையில் போங்கள். எல்லாப் பாதைகளையும் முடிக்க முயன்றால் ஓடத்தான் முடியும்.

1990 ஜனவரி 15 அன்று கரையோடு இணைந்த பாதி இடிந்து, இருவர் கடலில் தனித்து நின்ற பாறையில் மாட்டி ஹெலிகாப்டரில் மீட்கப்பட்ட லண்டன் பிரிட்ஜ் இன்னும் மேற்கே, போர்ட் கேம்பல் தாண்டி இருக்கிறது. எல்லா டூரும் அதுவரை போவதில்லை. அதற்கும் மேற்கே வார்னம்பூல் ஊர்க் கடலுக்கு வரும் திமிங்கலங்களை ஒரு நாள் டூரில் எதிர்பார்க்கவே வேண்டாம்.

பையில் என்ன

கோடையிலும் காற்று புகாத ஜாக்கெட் வேண்டும். தெற்கே அண்டார்க்டிகா வரை தடுக்க நிலமே இல்லாத கடல். நகரத்தில் வியர்த்தாலும் மேடையில் பல் கிட்டும். குடை வேண்டாம், பிய்த்துவிடும். தொப்பி வைத்த மழைச் சட்டை போதும். புடவை கட்டுபவர்கள் உள்ளே சூடான லெக்கிங்ஸும் காலில் பிடிப்புள்ள ஷூவும் போட்டுக்கொண்டால் படியில் தைரியமாக இறங்கலாம். மேகம் மூடிய நாளிலும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும்; கோடையில் புற ஊதாக் கதிர் அளவு 11ஐத் தாண்டும். தண்ணீர், பவர் பேங்க், சர்க்கரை நோயாளிகளுக்குக் கொறிக்க ஏதாவது. லார்ன் தாண்டியதும் பல இடங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். குழுவாகப் போகிறவர்கள் "ஃபோன் பண்ணிக்கலாம்" என்று பிரியக் கூடாது. பஸ்ஸின் நிறம், நம்பர், திரும்ப வேண்டிய நேரம் மூன்றையும் படமெடுத்துவையுங்கள். அவசரத்துக்கு எண் 000. பஸ்ஸில் பெல்ட் இருந்தால் போட்டே ஆக வேண்டும், சட்டம்.

நேரம் தவறினால்

டிரைவர் 2:40 என்றால் 2:40தான். இது கறார்த்தனம் என்று கோபப்படுவோர் உண்டு. பெரிய பஸ் ஓட்டுநர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது வழக்கமான விதி. டூரே அந்த எல்லையை ஒட்டித்தான் ஓடுகிறது. இங்கே நீங்கள் எடுக்கும் பத்து நிமிடத்தை அடுத்த நிறுத்தத்தில்தான் குறைப்பார், அதாவது பாறைகளில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஃபோனில் எட்டு நிமிடம் முன்கூட்டியே அலாரம் வையுங்கள்.

மண்சரிவு, வெள்ளம், காட்டுத்தீயால் கடலோரச் சாலை அடைபடுவதும் நடக்கும். 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர் பக்கம் எரிந்த தீயில் 116 வீடுகள் போயின. தீ அபாயம் உச்ச அளவில் அறிவிக்கப்பட்ட நாளில் அந்தப் பகுதியின் தேசியப் பூங்காக்களையே மூடிவிடுவார்கள். கோடையில் போகிறவர்கள் முந்தின இரவு மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். வழி மாறினால் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது முன்பதிவு நிபந்தனையில் இருக்கும்.

திரும்பும் வழியில் கோலாக்கிலோ வேறு சிற்றூரிலோ 20, 30 நிமிடம் நிறுத்துவார்கள். இரவில் அங்கே பெரும்பாலும் துரித உணவுக் கடைகள் மட்டுமே திறந்திருக்கும். காலையில் ஹோட்டல் வாசலில் ஏற்றிய பஸ் இரவில் நகர மையத்தில் ஒரே இடத்தில் எல்லாரையும் இறக்கிவிடுவதுண்டு. எங்கே என்று அந்த நிறுத்தத்திலேயே கேட்டு, கூட்டிப்போக வருகிறவர்களுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். ஜீலாங் தாண்டும்போது ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னால் போதும். அங்கிருந்து நகரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.